மெத்தையும் அப்பளமும்

இசக்கிசெல்விக்கு ஓட்டம் பிடித்துப்போனது ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில். பம்பாய் விக்ரோலியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று செம்பூரிலிருந்து அவளுடைய நாத்தனார் பூமாரி மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்திருந்தாள். இருவரும் பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக் கிளம்புவதற்குள் நேரமாகிவிட்டது. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறியபோது வண்டி கீழே பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதை விட்டால் முகூர்த்தம் போய்விடும்.

பூமாரி சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "ஓடுட்டி" என்றாள்.

நாற்பதைத் தாண்டிய ஒருத்தியும் ஐம்பதைத் தொடப்போகிற ஒருத்தியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஓடினார்கள். படியில் இறங்கினார்கள். வண்டி அசையத் தொடங்கிய நேரத்தில் லேடீஸ் டப்பாவில் யாரோ கைகொடுத்து இரண்டு பேரையும் உள்ளே இழுத்துப்போட்டார்கள். சயான் வரும்வரைக்கும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"ரொம்ப மூச்சு வாங்குதா?" என்று பூமாரி கேட்டாள்.

"இல்ல மைனி. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கலாம் போல இருக்கு" என்றாள் இசக்கிசெல்வி. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

அப்படித் தொடங்கியது. இசக்கிசெல்வி மாட்டுங்காவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் கருக்கலில் கொஞ்ச நேரம் கிடைக்கும். பூமாரி தாராவியில் சிராஜ் பாயின் ரெடிமேட் பட்டறையில் இஸ்திரி போடுகிறாள். செம்பூரிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்தால், வேலைக்குப் போகுமுன் அவளுக்கும் ஒரு மணி நேரம் மிஞ்சும். இருவரும் ஃபைவ் கார்டனில் சந்தித்து, மரத்தடிப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். சுடிதாருக்குக் கீழே இசக்கிசெல்விக்கு மகனுடைய பழைய கேன்வாஸ் ஷூ. பூமாரிக்கு ரோட்டோரக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு ஷூ. அதைப்பற்றி இருவரும் யோசித்ததேயில்லை.

யோசிக்க வைத்தவர்கள் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கும்பல். ஆபீஸ்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒரு பல் டாக்டர். ஓடி முடித்ததும் டீ குடித்துக்கொண்டே எதையாவது பற்றி வாதாடுவார்கள். பெரும்பாலும் ஷூவைப் பற்றித்தான். அதில் இரண்டு கட்சி. காலுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு தடிமனாக மெத்தை இருக்கிறதோ அவ்வளவு நல்லது, முட்டி தப்பிக்கும் என்பது ஒரு கட்சி. பாதத்துக்கு மெத்தையே ஆகாது, அடிப்பாகம் மெல்லிசாக இருந்தால்தான் கால் தன் வேலையைத் தானே செய்யும் என்பது இன்னொரு கட்சி. மெல்லிசுக் கட்சிக்குத் தலைவர் பஞ்சு மாமா. பெயர் பஞ்சாக இருந்தும் மெத்தையைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மனுஷா பிறக்கறச்சே ஷூவோடயா பிறந்தா?" என்பார். "தரையை உணரணும். மெத்தையைப் போட்டுண்டு ஓடறது, கண்ணைக் கட்டிண்டு வண்டி ஓட்டற மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தை இசக்கிசெல்விக்குள் போய் உட்கார்ந்தது. அவள் வேன் ஓட்டும்போது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள். வெறுங்கால் கிளட்சைத் தொட்டால்தான் வண்டி சொன்னபடி கேட்கும். அவள் அந்த நிமிஷமே பஞ்சு மாமா கட்சிக்குப் போய்விட்டாள்.

பூமாரி வேறு கட்சி. நாள் முழுக்கச் சிமெண்டுத் தரையில் நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு இராத்திரி படுத்தால் குதிகால் கொதிக்கும். முட்டி தனியாக ஒரு கதை சொல்லும். "காலுக்குக் கீழ மெத்து மெத்துன்னு இருந்தா அதவிட வேற என்னட்டி வேணும்?" என்பாள்.

வெயில் தணிந்து தீபாவளி நெருங்கியபோது பூமாரி ஒரு காரியம் செய்தாள். ஜனவரியில் செம்பூரில் நடக்கப்போகிற இருபத்தோரு கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு, கேட்காமல் கொள்ளாமல், இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள். அதே வாரத்தில் இசக்கிசெல்வியின் கேன்வாஸ் ஷூ வாயைப் பிளந்தது. அவள் பஞ்சு மாமாவிடம் கடையைக் கேட்டுக்கொண்டு தாதருக்குப் போய் மெல்லிசு ஷூ ஒன்று வாங்கிவந்தாள். நீல நிறம். மடித்தால் கைக்குட்டை மாதிரி மடிந்தது. போட்டுக்கொண்டு நின்றபோது தரையில் கிடந்த ஒரு கடுகைக்கூடக் காலால் கண்டுபிடிக்கலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் பூமாரி கையில் ஒரு பெட்டியோடு வீட்டுக்குள் வந்தாள். முகத்தில் ஒளித்து வைத்த சிரிப்பு.

"தீவாளிக்கு ஒனக்கு. தொறந்து பாரு" என்றாள்.

பெட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி ஷூ. அடிப்பாகம் இரண்டு இட்லியை அடுக்கி வைத்த உயரம். பூமாரி தனக்கென்று எதையும் வாங்காதவள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை பம்பாய்க்குக் கூட்டிவந்து, வளர்த்து, மெக்கானிக் வேலைக்குச் சேர்த்து, இசக்கிசெல்வியைத் தேடிக் கட்டிவைத்தவள். இதற்காகப் பட்டறையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நின்றாளோ. அதையெல்லாம் இசக்கிசெல்வி பிறகுதான் நினைத்தாள். அந்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இது ஷூவா மெத்தையா மைனி? இதப் போட்டு ஓடவா, தூங்கவா?" என்று சிரித்துவிட்டு, தன் நீல ஷூவை எடுத்துக் காட்டினாள்.

பூமாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்னது, அப்பளம் மாதிரி இருக்கு" என்றாள். கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பள ஷூ இசக்கிசெல்விக்குச் சொர்க்கமாக இருந்தது. வாங்கிய மறுநாளே வழக்கமான தூரம் முழுக்க ஓடினாள். அதற்கடுத்த நாள் அதைவிட அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கணும் என்று பஞ்சு மாமா சொல்லத்தான் செய்தார். உற்சாகத்தில் அது காதில் ஏறவில்லை. வார முடிவில் ஒரு காலை எழுந்தபோது இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிக் கிடந்தன. குடியிருக்கிற மச்சிலிருந்து இறங்குகிற இரும்பு ஏணியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவளால் இறங்க முடிந்தது. கிளட்சை மிதிக்க முடியவில்லை. அவள் புருஷன் செல்வம் கேரேஜுக்கு லீவு சொல்லிவிட்டு வேன் ஓட்டினான். பிள்ளைகள், "ஆன்ட்டி கிதர் ஹை?" என்று வழி முழுக்க அவளைத் தேடினார்களாம்.

கேள்விப்பட்டு பூமாரி வந்தாள். கையில் எண்ணெய். காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நீவினாள். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் வாசலில் பக்கத்து வீட்டுக்காரிகள் நின்றார்கள்.

"நாஞ் சொன்னேன்லா. அப்பளத்தக் கட்டிக்கிட்டு ஓடுனா காலு நொறுங்காம என்ன செய்யும்? நான் வாங்கிக் கொடுத்தது அங்க பெட்டியோட கெடக்கு."

"ஒங்க மெத்தைய நீங்களே கொண்டு போயி விரிச்சுப் படுங்க மைனி" என்றாள் இசக்கிசெல்வி. கால்வலியும் வெட்கமும் சேர்ந்து வந்த வார்த்தை.

பூமாரி எழுந்தாள். கதவோரம் இருந்த நீல ஷூவை எடுத்துத் தன் பைக்குள் திணித்தாள். "இந்தச் சவத்தக் கச்சராப் பெட்டியில போட்டாத்தான் ஒனக்குப் புத்தி வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றோடு பேச்சு நின்றது. என் ஷூவைக் குப்பையில் போட்டவளோடு எனக்கென்ன பேச்சு என்று இவள். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை ஒரு தடவை போட்டுக்கூடப் பார்க்காதவளோடு எனக்கென்ன பேச்சு என்று அவள். பூமாரி ஃபைவ் கார்டனுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். வீட்டு விஷயங்கள் எல்லாம் செல்வம் வழியாகப் போய்வந்தன.

"பண்டிகைக்கு வாராகளான்னு ஒங்க அக்காட்ட கேளுங்க."

"யக்கா, வாரியான்னு கேக்கா."

"வாரேன்னு சொல்லு. கறிக்கொழம்புல உப்பு கம்மியா போடச் சொல்லு."

கால் குணமாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. உடம்பு ஓட்டத்துக்கு ஏங்கியது. கேன்வாஸ் கிழிந்துவிட்டது, அப்பளம் குப்பைக்குப் போய்விட்டது. இன்னொன்று வாங்க மனசு வரவில்லை. ஒருநாள் விடியலில், செல்வம் தூங்குகிறானா என்று பார்த்துவிட்டு, இசக்கிசெல்வி அந்தப் பெட்டியை மெதுவாகத் திறந்தாள். எத்தனை மெதுவாகத் திறந்தாலும் உள்ளே இருந்த காகிதம் சரசரத்தது.

லேபர் கேம்பின் சந்து அந்த ஷூவுக்கு ஏற்றதில்லை. சாக்கடை மூடிய கற்பலகைகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கிக் கிடக்கும். முதல் வளைவிலேயே கணுக்கால் மடங்கப் பார்த்தது. அவள் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மெயின் ரோடு வரை வெறுங்காலில் நடந்து, அங்கே மாட்டிக்கொண்டாள். பஞ்சு மாமா கண்ணில் படாமல் இருக்க ஃபைவ் கார்டனை விட்டுவிட்டு கிங் சர்க்கிள் பக்கம் போனாள். நீளமான, சமமான ரோடு.

முதல் கொஞ்ச தூரம் மாவுச் சட்டிக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. தரை எங்கேயோ தொலைவில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் சயான் தாண்டி, திரும்பி, மறுபடியும் கிங் சர்க்கிள் மேம்பாலத்தடியில் வந்தபோது ஒன்றைக் கவனித்தாள். வழக்கமாக இவ்வளவு தூரம் ஓடினால் கால் கனக்கத் தொடங்கிவிடும். இன்று கனக்கவில்லை. இன்னும் ஒரு சுற்றுப் போனாள். அப்போதும் இல்லை. அடியில் எதுவோ அவள் எடையில் ஒரு பங்கைத் தன் கணக்கில் வாங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. மைனி சொன்னது சரியாகப் போய்விட்டதே என்கிற கோபம். அந்தக் கோபத்திலேயே நன்றாக ஓடினாள்.

ஏணியில் ஏறி வந்தபோது செல்வம் டீ போட்டுக்கொண்டிருந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் மறைத்த ஷூவின் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

"ஒங்க அக்காட்ட மூச்சு விடப்படாது" என்றாள். "எம்மேல சத்தியம்."

செல்வம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். அவன் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. சிரிப்பை அடக்குகிறான் என்று அவள் நினைத்தாள். வேறு எதையோ அடக்குகிறான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

டிசம்பர் போனது. பிள்ளைகளுக்கு லீவு விட்ட நாட்களில் நீண்ட தூரம் ஓடினாள். சில காலைகளில் குளிர் காற்று வீசும். பால் வண்டிகள், பேப்பர் பிரிக்கிறவர்கள், நடைபாதையில் பூக்கூடைகள். தனியாக ஓடுவதும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வளைவில் திரும்பும்போது "இந்த நாயப் பாரேன்" என்று சொல்ல வாய் வரும். பக்கத்தில் ஆள் இருக்காது.

பந்தயத்தன்று விடியுமுன் செல்வம் அவளை செம்பூர் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். மேடையில் யாரோ மைக்கில் எண்ணிக்கொண்டே கைகாலை ஆட்டச் சொன்னார்கள். கூட்டம் முழுக்கச் சேர்ந்து ஆடியது. ஒரு பக்கம் தோல்தாஷா மேளம். கொடி பிடித்துக்கொண்டு சில பேர், முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு சில பேர்.

"அக்கா அந்தக் கம்பத்துக்கிட்ட நிக்கா" என்றான் செல்வம். "நீயே போயி பேசு. என்னால இனி முடியாது. ரெண்டு மாசமா வயித்துக்குள்ள வச்சு வச்சு எனக்கு அல்சரே வந்திருக்கும்."

"என்னத்த வச்சீங்க?"

அவன் பைகளை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்துவிட்டான்.

பூமாரி கம்பத்தில் சாய்ந்து பின்னலை முடிந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிக் குனிந்தார்கள். குனிந்ததால்தான் கண்ணில் பட்டது.

இசக்கிசெல்வியின் காலில் ஆரஞ்சு மெத்தை. பூமாரியின் காலில் நீல அப்பளம்.

"கச்சராவுல போடுதேன்னு சொன்னீய" என்றாள் இசக்கிசெல்வி.

"போடத்தான் போனேன்" என்றாள் பூமாரி. "இப்படி என்னதான் இருக்கு இதுலன்னு ஒரு தடவ மாட்டிப் பாத்தேன். பட்டறையில இஸ்திரி போடும்போது போட்டுக்கிட்டு நின்னேன். ஒரு வாரம் போனதும் கொஞ்சம் நடந்தேன். அப்புறம் டைமண்ட் கார்டன ஒரு சுத்து. அப்புறம் ரெண்டு. ஒன்ன மாதிரி அவசரப்படல." கொஞ்சம் நிறுத்தினாள். "முட்டி இப்ப அவ்வளவா பேசல, இசக்கி."

"அவருக்குத் தெரியுமா?"

"பாத்துட்டான். சத்தியம் வாங்கிட்டேன்."

இசக்கிசெல்விக்கு முதலில் மூக்கில்தான் சிரிப்பு வந்தது. பூமாரி உதட்டைக் கடித்தாள். பிறகு இருவரும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், விக்ரோலி ரயிலில் சிரித்ததைவிட அதிகமாக. "பந்தயத்துக்கு முன்னால மூச்ச வீணாக்காதிய" என்று யாரோ நெல்லைத் தமிழில் கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். கொடி அசைந்தது. எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள்.

சமாதானம் முதல் கிலோமீட்டர் வரைதான் தாங்கியது.

"இருந்தாலும் மைனி, நீண்ட தூரத்துக்கு மெத்ததான் சரி" என்றாள் இசக்கிசெல்வி. "கடைசியில தெரியும் பாருங்க."

பூமாரி ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "எது, அந்த இட்லியா? தரையே தெரியாம எப்படி ஓடுத? காலு தன் வேலையத் தானே செய்யணும்டி."

"இதத்தான நான் அன்னைக்குச் சொன்னேன்."

"அன்னைக்கு நீ சொல்லத் தெரியாமச் சொன்ன."

தேவ்னார் பக்கம் திரும்புகிற வரைக்கும் இந்த வழக்கு ஓயவில்லை. மாடிகளிலிருந்து பெண்கள் தட்டைத் தட்டி உற்சாகப்படுத்தினார்கள். ஒரு சர்தார்ஜி கூடை நிறைய ஆரஞ்சுச் சுளையோடு நின்றார். வாய்க்குள் சுளையை வைத்துக்கொண்டும் வாதாடினார்கள். பக்கத்தில் ஓடிய ஒரு மராத்திக்காரர், சண்டை என்று நினைத்து, "தாயி, ஷாந்த், ஷாந்த்" என்று அமைதிப்படுத்தி விலக்கப் பார்த்தார். எதிர்ப்பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்த பஞ்சு மாமா பூமாரியின் காலைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார்.

"நம்ம கட்சிப் பக்கம் வந்துட்டேளா?"

"நீங்க கூப்பிட்டு வரல மாமா. என் முட்டி கூப்பிட்டு வந்துச்சு" என்று பூமாரி கத்தினாள்.

பாதிக்கு மேல் வெயில் ஏறியது. பேச்சு குறைந்தது. சிமெண்டு ரோடு சுடத் தொடங்கியபோது பூமாரி நிழல் பார்த்து ஓரமாக ஓடுவதை இசக்கிசெல்வி கவனித்தாள். பாதம் எரிகிறது என்று புரிந்தது. கேட்டால் இல்லை என்பாள். அதனால் தனக்கு மூச்சு வாங்குவதாகச் சொல்லி வேகத்தைக் குறைத்தாள். அது முழுப்பொய்யும் இல்லை. அவளுடைய சுண்டுவிரலில் கொப்புளம் ஒன்று கிளம்பி, மெத்தைக்குள் தனியாக எரிந்துகொண்டிருந்தது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் அவள் நொண்டுவதைப் பூமாரி பார்த்தாள்.

"என்ன, இட்லி கடிக்குதோ?"

"இல்லியே. அப்பளம் சுடுதோ?"

"இல்லவே இல்ல."

இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். ஏற்றம் முடிந்ததும் தூரத்தில் பலூன் வளைவு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் செல்வம் பைகளைத் தோளில் மாட்டியபடி துள்ளிக்கொண்டிருந்தான். அவன் கத்துவது கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிந்தது.

"யார் முன்னால போறான்னு பாப்பமா?" என்றாள் பூமாரி, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மைனி, பெரியவுகள முந்த மாட்டேன் நான்."

"முந்திப் பாரு."

இசக்கிசெல்வி பாய்ந்தாள். பூமாரி அதற்கு முன்பே பாய்ந்திருந்தாள். எரிகிற பாதமும் கொப்புளமும் எங்கே போயின என்று தெரியவில்லை. காது இரைந்தது. கூட்டம் இரண்டு பக்கமும் நிறமாக ஓடியது. இவள் அரை அடி முன்னால், பிறகு அவள் அரை அடி முன்னால். வளைவுக்குள் நுழைந்தபோது யார் முதலில் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செல்வத்தைக் கேட்டார்கள். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தானே குடித்தான்.

"நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றான்.

கழுத்தில் மெடல்களோடு ஸ்டேஷன் பக்கத்து உடுப்பி ஹோட்டலுக்குப் போனார்கள். மேஜைக்கடியில் இருவரும் ஷூவைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த மொசைக் தரையில் காலை நீட்டினார்கள். பூமாரி மசால் தோசை சொன்னாள். அது வருவதற்குள் இன்னொன்றும் சொன்னாள். பெரிய டம்ளரில் காப்பியை ஆற்றிக்கொண்டே, "முழு மாரத்தான் நாப்பத்தி ரெண்டாமே" என்றாள் யாரிடமோ சொல்வது போல. செல்வம் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

அடுத்த மேஜையில் தொப்பை போட்ட ஒரு மனிதர் இவர்களுடைய மெடலையும் காலடியில் கிடந்த ஷூக்களையும் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. டாக்டர் ஓடச் சொல்லியிருக்கார். நீண்ட தூரம் ஓட எந்த மாதிரி ஷூ நல்லது?"

"மெத்தை வச்சது" என்றாள் இசக்கிசெல்வி.

"மெல்லிசு" என்றாள் பூமாரி.

செல்வம் அவசரமாகக் கையைத் தூக்கி பில் கேட்டான். அதை யாரும் கவனிக்கவில்லை. இசக்கிசெல்வி நாற்காலியை அந்த மனிதர் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டாள். பூமாரி தோசைத் தட்டோடு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். அவர் வாய்க்குக் கொண்டுபோன இட்லித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டத் தொடங்கினார்.